பிறர் சாயும் கம்பி

கன்னியாகுமரி பகவதியம்மன் கோவிலின் கிழக்கு வாசல் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களைத் தவிர எப்போதும் அடைத்தே கிடக்கும். கடலைப் பார்த்து நிற்கும் அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் கரையை நெருங்கிப் பாறையில் மோதின, அதனால்தான் வாசலை அடைத்தார்கள் என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் கதை. மூக்குத்தியின் அருமையைச் சொல்வதற்காகவே பெரும்பாலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. கப்பல்கள் மோதியபோது, எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று கரையில் இருந்தவர்கள் கைகட்டி நிற்கவில்லை. மாலுமிகளுக்குப் பக்தி போதவில்லை என்றும் சொல்லவில்லை. தெய்வத்தின் முகத்துக்கு நேரே இருந்த கதவையே சாத்திவிட்டார்கள். அம்மனின் பார்வையை மறைப்பது அபசாரம் என்று வாதிட எத்தனையோ இடம் இருந்தும், முகம் தெரியாத யாரோ ஒரு கடலோடியின் உயிர் அந்த வாதத்தைவிடக் கனமானது என்று இந்தக் கதை தீர்ப்புச் சொல்கிறது. இது வரலாற்றில் அப்படியே நடந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. தன் தெய்வத்தைப் பற்றி இப்படியொரு கதையை மனதார ஏற்று, இன்றுவரை கதவைச் சாத்தி வைத்திருக்கிற ஊரின் மனப்போக்கே போதுமான சான்று.

குமரி மாவட்டத்து அஞ்சுகிராமத்தைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் சாமிதோப்புப் பதி இருக்கிறது, நாராயண குரு தவமிருந்த மருந்துவாழ்மலை இருக்கிறது, 1809இல் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பிய மயிலாடி இருக்கிறது, குமரிக் கடற்கரையில் அலங்கார உபகார மாதா ஆலயம் இருக்கிறது. வழிபாடு வேறு, வேதம் வேறு. ஆனால் காப்பவர் மேலே இருக்கிறார் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒன்றே. கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கூடுதல் அழுத்தம் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி இங்கே இயல்பாகவே எழுகிறது. காப்பவர் அவர் என்றால், மனிதன் செய்துகொள்ளும் காப்புக்கு என்ன பொருள்? படகின் ஓரத்தில் கம்பி கட்டுவதும், அதை ஓயாமல் சோதித்துப் பழுது பார்ப்பதும் நம்பிக்கையில் விழுந்த ஓட்டையா, அல்லது நம்பிக்கையின் ஒரு பகுதியேதானா? பகுதியேதான் என்பது என் வாதம். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. முயற்சியும் வேண்டும், கடவுள் அருளும் வேண்டும் என்று இரண்டையும் சமமாகப் பங்கிட்டுச் சமாதானம் சொல்வது எளிது. அந்தச் சமாதானம், கம்பியில் சாயப்போவது யார் என்ற முக்கியமான விஷயத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது.

பாய்மரப் படகின் தளத்தைச் சுற்றி, அணியத்திலிருந்து பின்கோடிவரை இருபுறமும் ஓடும் எவர்சில்வர் கம்பிவடங்களே காப்புக் கம்பிகள். தளத்தில் நட்ட குட்டையான உலோகக் கால்கள் அவற்றைத் தாங்கும். ஆழ்கடல் பந்தயங்களுக்கு வேர்ல்ட் செய்லிங் அமைப்பு வகுத்த விதிகளின்படி, எட்டரை மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் மேல்கம்பி தளத்திலிருந்து 600 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும், கீழே இன்னொரு கம்பி இருக்க வேண்டும், இரண்டு கால்களுக்கு இடையில் 2.2 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட படகில் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவந்து, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். அவர்கள் கடந்தது ஏறத்தாழ 25,000 கடல் மைல். படகின் பெயர் தாரிணி. கடலோடிகளைக் காப்பவள் என்று வணங்கப்படும் ஒடிசாவின் தாரா தாரிணியின் பெயரால் வைத்தது. தெய்வத்தின் பெயரும் உண்டு, கம்பியும் உண்டு. என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது படகில் இருந்தவர்களின் எண்ணிக்கை. இருவர் மட்டுமே போகும் படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் தளத்தில் தனியே இருப்பார். கேப் ஹார்னை ஒட்டிய கடலில் இருட்டில் தளம் சாயும்போது அவர் கை போய்ப் பற்றும் கம்பியைக் கடைசியாகச் சோதித்தவர், அந்த நேரத்தில் கீழே தூங்கிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். ஒருவரின் கவனத்தின் மேல் இன்னொருவரின் உடல் சாய்கிறது. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால், நம்பிக்கை பற்றிய கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது.

அதற்கு முன், கம்பி எப்படிக் கெடுகிறது என்பதை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். சமையலறை டம்ளருக்கு அது சரி, அதன்மேல் எப்போதும் காற்றுப் படுகிறது. எஃகில் கலந்துள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்கிறது, கீறல் விழுந்தால் தானாகவே மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்கிறது. காற்றுப் புகாமல் உப்புநீர் மட்டும் தேங்கி நிற்கும் இடத்தில் இந்தப் படலம் வளர வழியில்லை. உப்பிலுள்ள குளோரைடு அங்கே உலோகத்தைத் துளைத்து உள்ளே இறங்கும். கம்பி முனையை அழுத்திப் பொருத்திய குழல், கால் நட்ட அடித்தளத்தின் இடுக்கு, கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் மரையிடுக்கு ஆகியவையே முதலில் கெடும் இடங்கள். ஒரு காலத்தில் கைக்கு மென்மையாக இருக்கட்டும் என்று கம்பிக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போடுவது வழக்கமாக இருந்தது. பார்க்க அழகு, பற்ற இதம். அந்த உறைக்குள் எங்கோ ஒரு வெடிப்பு வழியாகக் கடல்நீர் புகுந்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உறை வெள்ளையாகப் பளபளக்க, உள்ளே புரிகள் ஒவ்வொன்றாக அற்றுக்கொண்டிருக்கும். ஆழ்கடல் பந்தய விதிகள் உறையிட்ட கம்பியை விலக்கிவிட்டதற்குக் காரணம் இதுதான். உறையில்லாத கம்பியில் பருத்தித் துணியை ஓட்டிப் பார்த்தால், அறுந்த புரி துணியில் மாட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். முனைக்குழலின் வாயில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே அரிப்பு என்று அறியலாம். இரு கால்களுக்கு நடுவே மேல்கம்பியைக் குறிப்பிட்ட விசையோடு அழுத்தினால் 50 மில்லிமீட்டருக்கு மேல் வளையக் கூடாது என்று இழுவைக்கும் அளவுகோல் உண்டு. டர்ன்பக்கிள் தானே கழன்றுவிடாதபடி செருகிய சிறிய ஸ்பிளிட் பின் இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் பெரிய படிப்புத் தேவையில்லை, தேவைப்படுவது அடிக்கடி செய்யும் பொறுமைதான்.

இங்கேதான் வாதம் தொடங்குகிறது. கம்பியே இல்லாத படகில் இருப்பவன் தன் கால்களை நம்பி நடப்பான், தாழ்ந்து தவழ்வான், கண்ட இடத்தில் பிடித்துக்கொள்வான். கம்பி இருக்கும் படகில் இருப்பவன் அதன்மேல் சாய்வான். சாயத் தூண்டுவதுதான் கம்பியின் வேலையே. ஆகவே கெட்டுப்போன கம்பி, இல்லாத கம்பியைவிட மோசமானது. இல்லாத கம்பி யாரையும் அழைக்கவில்லை. கெட்ட கம்பி அழைத்துவிட்டுக் கைவிடுகிறது. படகில் கம்பி கட்டிய கணத்திலேயே அதைக் கட்டியவர் தளத்தில் கால்வைக்கும் ஒவ்வொருவருக்கும், நீ இங்கே சாயலாம் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு செய்யும் பராமரிப்பு முழுவதும் அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலைதான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் பராமரிப்பைத் தள்ளிப்போடுபவர் தன் உயிரைக் கடவுளிடம் ஒப்படைப்பதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் ஒப்படைப்பது தான் கொடுத்த வாக்கை நம்பிச் சாயப்போகும் இன்னொருவரின் உயிரை. அதை ஒப்படைக்க அவருக்கு உரிமை கிடையாது. என் உயிரை நான் கடவுளிடம் ஒப்படைக்கலாம், அது சரணாகதி. பிறர் உயிரை அவர்களைக் கேட்காமலே கடவுள் தலையில் போடுவது சரணாகதி ஆகாது, கடனைத் தட்டிக் கழிப்பதுதான்.

இந்தக் கருத்து புதியதல்ல. நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் ஞாயிறுதோறும் திருப்பலி காணும் மக்கள் வாசிக்கும் விவிலியத்திலேயே, இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுபவருக்கான கட்டளை ஒன்று இருக்கிறது. மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. வழிபாடு, பலி, விழாக்கள் பற்றிய விதிகள் நிறைந்த அதே சட்ட நூலில், மாடிச் சுவருக்கும் இடம் கிடைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளையிடும் கடவுள், நானே தாங்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. சுவர் எழுப்பச் சொல்கிறார், விழுவதற்கான பொறுப்பை வீட்டுக்காரர்மேல் வைக்கிறார். இதற்கு இணையான இன்னொரு நிகழ்ச்சி நற்செய்தியில் வருகிறது. கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொல்கிறவன் சாத்தான். இயேசு குதிக்க மறுக்கிறார், அப்படிச் செய்வது கடவுளைச் சோதிப்பது என்கிறார். தளர்ந்த கம்பியை மாற்றாமல் வானதூதர்களை நம்பிப் படகை இறக்குவது யாருடைய ஆலோசனையைக் கேட்பது என்பதை இந்த நிகழ்ச்சியை வைத்தே கரையோரத்து விசுவாசி முடிவு செய்துகொள்ளலாம்.

விதியை நம்புகிறவரின் மறுப்பு இதைவிடக் கடினமானது. சாக வேண்டியவன் கம்பி இருந்தாலும் சாவான், பிழைக்க வேண்டியவன் இல்லாவிட்டாலும் பிழைப்பான் என்று அவர் சொல்வார். இந்தப் பேச்சை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கடலில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அடுத்த நாள் எழுந்து உலை வைக்கும் பலத்தைத் தருவது பல நேரம் இந்தச் சொல்தான். ஆனால் பதினொன்றாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, அதே கைப்பிடிச் சுவர்க் கட்டளைக்கு எழுதிய உரையில் இந்த மறுப்பை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார். பழைய தல்மூத் மரபைப் பின்பற்றி அவர் சொல்வதன் சாரம் இது: விழுபவன் விழவே விதிக்கப்பட்டவனாக இருக்கட்டும், இருந்தாலும் அவன் சாவு உன் கையால் நேர வேண்டாம். விதி உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் அவர் போகவே இல்லை. விதியை முழுதாக ஒப்புக்கொண்டபடியே, கடமை ஒரு மயிரிழைகூடக் குறைவதில்லை என்று காட்டிவிடுகிறார். விதி என்பது நடந்துமுடிந்ததைத் தாங்கிக்கொள்ள உதவும் சொல். நடக்கப்போவதற்கு முன்னால் அதைச் சொல்பவர் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, சாக்குக்காகச் சொல்கிறார். ஒரே சொல்தான், நேரம்தான் வேறு. தாய் சொல்லலாம், கம்பியைச் சோதிக்க வேண்டியவர் சொல்லக் கூடாது.

குமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. அந்த 38ஆவது அதிகாரம் ஊழ். அதே நூலின் பொருட்பாலில், ஊழையும் புறங்காணும் உழைப்பைப் போற்றும் ஆள்வினையுடைமை 62ஆவது அதிகாரமாக வருகிறது, மெத்தனத்தால் வரும் மறதியைக் கண்டிப்பதற்கென்றே 54ஆவதாகப் பொச்சாவாமை வருகிறது. வள்ளுவர் இவற்றுக்கிடையே முரண்பாடு இருப்பதாக எண்ணியதாகத் தெரியவில்லை. சிலையைப் பார்த்துக்கொள்பவர்களும் எண்ணவில்லை. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு கல்லுக்குள் இறங்கி அரிக்கும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, இணைப்புகளின் சந்துகளை அடைத்து, காகிதக் கூழை உடல் முழுவதும் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்து, அதன்மேல் ரசாயனப் பூச்சு பூசுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியைத் தாங்கி நின்ற சிலைதான். சுனாமியையே தாங்கியதற்கு உப்பு எம்மாத்திரம் என்று யாரும் விட்டுவிடவில்லை. பேரலை ஒரு நாள் வந்து போகும், உப்பு ஒவ்வொரு நாளும் வந்துகொண்டே இருக்கும். காப்புக் கம்பிக்கும் இதே கணக்குத்தான்.

சரணாகதி தத்துவத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. தமிழ் வைணவம் இதைப் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, பூனைக் குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கத் தாய் கவ்வித் தூக்கிச் செல்கிறது. வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார் குரங்குக் குட்டியின் பக்கம், பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார் பூனைக் குட்டியின் பக்கம் என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். நம்மாழ்வாரின் தாய் பிறந்த ஊராகப் போற்றப்படும் திருப்பதிசாரம் இருக்கும் நாஞ்சில் நாட்டில் இந்தப் பேச்சு புதிதல்ல. பூனைக் குட்டிக் கொள்கையை ஏற்பவர், தன் காவலுக்காகத் தானே செய்யும் எந்த முயற்சியும் இறைவனின் காவலில் ஐயப்படுவதாகும் என்பார். அந்த நிலையின் உயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆசாரியர்கள் கைவிடச் சொன்னது எந்த முயற்சியை என்று பார்க்க வேண்டும். தன் மோட்சத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற முயற்சியைத்தான் அவர்கள் விடச் சொன்னார்கள். கைங்கரியத்தை விடச் சொல்லவில்லை. தனக்கென்று எந்த முயற்சியும் இல்லாதவன் பகவானுக்கும் அடியாருக்கும் செய்யும் தொண்டில் எள்ளளவும் குறை வைக்கக் கூடாது என்பதில் இரு கலையாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மடைப்பள்ளியில் அரிசியில் கல் பொறுக்காமல் விட்டுவிட்டு, நான் சரணாகதன் என்று சொல்ல எந்தத் தென்கலை ஆசாரியரும் இடம் கொடுத்திருக்க மாட்டார். இன்னொருவர் சாயும் கம்பியைச் சோதிப்பது தன் காவலுக்கான முயற்சி அல்ல, அது அடியாருக்குச் செய்யும் தொண்டு. பூனைக் குட்டியின் பக்கம் நிற்பவருக்கே அந்தக் கடமை கூடுதலாக இருக்கிறது, தன்னைப் பற்றிய கவலை இறங்கிவிட்டதால் அவருக்குக் கை ஓய்வாக இருக்கிறதல்லவா?

வீரத்தின் பெயரால் வரும் மறுப்பும் உண்டு. கம்பியை நம்பினால் கடலோடிக்குக் கவனம் மழுங்கும், பழைய மாலுமிகள் ஒரு கையைக் கப்பலுக்கும் ஒரு கையைத் தமக்கும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் என்பார்கள். பிரான்சின் பெரும் பாய்மரக் கடலோடியான எரிக் தபார்லி 1998 ஜூனில் ஐரிஷ் கடலில் தன் பழைய படகான பென் துயிக்கிலிருந்து இரவில் தவறி விழுந்து இறந்தார். இடுப்பு வாரோ மிதவை அங்கியோ அவர் அணிந்திருக்கவில்லை. தன் உடலை வைத்து அவர் எடுத்த முடிவு அது, அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அன்றிரவு இருட்டில் அவரைத் தேடி அலைந்தவர்கள் உடனிருந்தவர்கள். படகில் எவரும் தனி ஆள் இல்லை, ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் எல்லாருமே ஆபத்துக்குள் போகிறார்கள். கவனம் மழுங்கும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்கவில்லை. அனுபவசாலிகள் இடுப்பு வாரைக் காப்புக் கம்பியில் கோக்காதே, தளத்தோடு தளமாக ஓடும் வார்ப்பட்டையில் கோத்துக்கொள் என்றுதான் கற்பிக்கிறார்கள். கம்பி கடைசி எல்லை, முதல் அரண் அல்ல. இந்த அறிவு கம்பியைச் சோதிக்கும்போதுதான் வருகிறது. எந்தப் பின் தேய்ந்திருக்கிறது, எந்தக் கால் ஆடுகிறது என்று விரலால் அறிந்தவர் கண்மூடிச் சாய மாட்டார். மழுங்குவது, ஒருபோதும் தொட்டுப் பார்க்காமல் பளபளப்பை மட்டும் பார்த்துச் சாய்பவரின் கவனம்தான்.

எல்லாம் சரி, உலகைச் சுற்றும் படகுக்குச் சொல்லும் நியாயம் இந்தக் கரையில் கட்டுமரத்தில் போனவனுக்குப் பொருந்துமா என்று கேட்பவர் கேட்கலாம். கட்டுமரத்துக்குக் காப்புக் கம்பி ஏது? விளிம்புகூடக் கிடையாது. அலை மரத்தின்மேல் ஏறி இறங்கும், விழுந்தவன் நீந்திவந்து மீண்டும் ஏறிக்கொள்வான். இந்தக் கேள்விதான் என் வாதத்துக்கு மிக வலுவான ஆதாரத்தைத் தருகிறது. கட்டுமரத்தின் காவல் முழுவதும் கட்டில் இருந்தது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப்போட்டு, மறுபடி போகும்போது புதிதாகக் கட்டுவார்கள். மரம் நீர் குடித்துக் கனத்துவிடாமல் இருப்பதற்காகச் செய்தது. ஆனால் அதனாலேயே கயிறும் மரமும் ஒவ்வொரு முறையும் கைக்கும் கண்ணுக்கும் வந்தன. நைந்த கயிறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கடலுக்குப் போகும் முன் சிலுவை போட்டு வேண்டிக்கொண்ட கைதான் கட்டையும் இறுக்கியது, இரண்டும் வேறு வேறு வேலை என்று அந்தக் கைக்குத் தோன்றியதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் பாய்மரப் படகுகளிலும் இன்று கம்பி முனையை இறுக்க டர்ன்பக்கிளுக்குப் பதிலாகச் செயற்கை நூல்கயிற்றால் சுற்றிக் கட்டுகிறார்கள். கட்டின் நீளம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறையாவது கயிற்றை மாற்றியே ஆக வேண்டும் என்பது விதி. கயிறு நைந்தால் வெளியே தெரியும், கடலில் விழுந்தவரை மேலே இழுக்க வேண்டி வந்தால் கத்தியால் ஒரே வெட்டில் கம்பியைத் தாழ்த்திவிடலாம். அவிழ்க்கக்கூடியதே நம்பத்தக்கது என்று கட்டுமரக்காரன் கையால் அறிந்திருந்ததை எஃகு சுற்றிவந்து கற்றுக்கொண்டிருக்கிறது.

கட்டுமரம் போய் ஃபைபர் வள்ளமும் விசைப்படகும் வந்த பிறகு, கடலோடி தானே அவிழ்த்துப் பார்க்க முடியாத கட்டுகள் பெருகிவிட்டன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் மாதாவை நம்பியது போதாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது கொடுமை. அவர்கள் சாய்ந்த கம்பி கரையில் இருந்தது. வானிலை அறிவிப்பு, அதைக் கடலுக்குள் கொண்டுசேர்க்கும் கருவி, தேடிப்போகும் கப்பல் என்ற அந்தக் கம்பியைக் கட்டியது அரசு, சாயலாம் என்று வாக்குக் கொடுத்ததும் அரசு. வாக்குக் கொடுத்தவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும். இயற்கைப் பேரிடர், விதி, கடவுள் சித்தம் என்ற சொற்களை அப்போது அதிகாரத்தில் இருப்பவர் எடுத்தால், இரங்கல் என்று ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை. அந்தச் சொற்கள் கரையில் அழுதவர்களுக்கு உரியவை.

கடைசியாக, பராமரிப்பு நல்ல காரியமே ஆனாலும் அதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது, அது வெறும் உடலுழைப்புத்தானே என்ற ஐயம். இதற்கு அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சாமிதோப்பின் அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மை நம்பி வந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கடற்கரையில் வாகைப்பதியில் கூட்டி ‘துவையல் தவசு’ என்ற தவத்தை மேற்கொள்ளச் செய்தார். காட்டுக்குப் போய் ஒற்றைக்காலில் நிற்கும் தவம் அல்ல அது. நாள்தோறும் துணியைத் துவைப்பதும், குளிப்பதும், அளவாக உண்பதும்தான் தவம். சுத்தமாக இருக்கும் உரிமையே மறுக்கப்பட்டுத் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களுக்கு, துவைப்பதையே தவமாக்கிக் கொடுத்தார். இன்று துவைத்தது நாளை அழுக்காகும், மறுபடி துவைக்க வேண்டும். முடிவில்லாத வேலை என்பது அதன் குறையாகப் படவில்லை, முடிவில்லாமல் செய்வதில்தான் தவம் இருந்தது. காப்புக் கம்பிக்குச் செய்யும் முதல் பராமரிப்பும் துவையல்தான். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கம்பி, கால், முனைக்குழல் எல்லாவற்றிலும் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். நாளை மறுபடி உப்புப் படியும். இதைச் சலிப்பில்லாமல் செய்பவரின் மனநிலையை ஆன்மிகம் என்று அழைக்கத் தயங்குபவர், துவையல் தவசை என்னவென்று அழைப்பார்?

ஆனாலும் நம் பக்தியில் ஒரு குறை இருக்கிறது. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்ல நமக்குத் தெரியும். உவரி அந்தோணியாருக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவோம், முடி இறக்குவோம், அன்னதானம் செய்வோம். ஒன்றுமே நடக்காமல் போன நாள்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. நல்ல பராமரிப்பின் பலனோ, ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். பின்னை மாற்றியவன், கயிற்றைப் புதிதாகக் கட்டியவன், உப்பைக் கழுவியவன் யாரும் எந்த அற்புதத்திலும் இடம்பெறுவதில்லை, ஏனென்றால் அவர்கள் அற்புதம் தேவைப்படாமலே செய்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு முன்தினம் பட்டறைகளில் கருவிகளைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடும் வழக்கத்தில் இதற்கான வித்து இருக்கிறது, அன்று சந்தனம் வைப்பதோடு நின்றுவிடாமல் இருந்தால். சின்னமுட்டத்தில் புதுப் படகை மந்திரிக்கும்போது அணியத்திலும் இயந்திரத்திலும் வலையிலும் தீர்த்தம் தெளிக்கும் பங்குத்தந்தை, படகின் ஓரத்துக் கம்பிக்கும் கயிற்றுக்கும் வந்து, இதைச் சோதிக்கும் பொறுப்பு யாருக்கு என்று கேட்கலாம். பெயரைச் சொல்லி ஒருவர் முன்வரட்டும், அந்தப் பெயரைச் சொல்லியே மன்றாட்டும் நடக்கட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் அவரிடமே கணக்கும் கேட்கலாம்.